பின் சக்கர பிரேக் பேட் மாற்றப் போய்...

பிரேக் பேட் மாற்றுவது எனக்குப் புதிதல்ல. அப்பா கற்றுக்கொடுத்த வேலை. சக்கரத்தைக் கழற்ற வேண்டும், காலிப்பர் (பேடுகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போல்ட்டுகளை எடுக்க வேண்டும், தேய்ந்த பேடை உருவிவிட்டு, வெளியே நீண்டு நிற்கும் பிஸ்டனை சி கிளாம்ப் வைத்து மெதுவாக உள்ளே தள்ள வேண்டும். அப்புறம் புதுப் பேடை வைத்து மூடினால் முடிந்தது. பழைய வண்டியில் எத்தனை முறை செய்திருப்பேன் என்று கணக்கே இல்லை.

இந்த வண்டியிலும் முன் சக்கரங்கள் இரண்டும் அப்படித்தான் முடிந்தன. பின் சக்கரத்தைக் கழற்றியதும்தான் காலிப்பரின் முதுகில் ஒட்டிக்கொண்டிருந்த கறுப்பு டப்பா கண்ணில் பட்டது. அதிலிருந்து ஒரு ஒயர் கிளம்பி வண்டிக்குள் போனது. இந்த வண்டியில் இழுக்கிற ஹேண்ட் பிரேக் கிடையாது, ஒரு சுவிட்ச்தான். அந்த சுவிட்சைத் தொட்டால் வேலை செய்கிற மோட்டார் இது. சரி, இருந்துவிட்டுப் போகட்டும் என்று கிளாம்பை மாட்டித் திருகினேன். பிஸ்டன் அசையவில்லை. இன்னும் அரைச் சுற்று. ம்ஹூம். டார்ச் பிடித்துக்கொண்டிருந்த மகள், "அம்மா, உடைஞ்சிடப் போகுது" என்றாள். நிறுத்திவிட்டு, தெரிந்த மெக்கானிக் அண்ணனுக்கு போன் போட்டேன்.

"ஏம்மா, அதைத் திருகிடாத. பிஸ்டனுக்குள்ள ஒரு நட்டு முட்டிக்கிட்டு நிக்குது. மோட்டார் சுத்தினாத்தான் அது பின்னால வரும்."

"எப்படிண்ணே சுத்த வைக்கிறது?"

"சர்வீஸ் மோடு போடணும். என்கிட்ட இருக்கிற ஸ்கேனர் உன் வண்டி பிரேக்கோட பேசாதும்மா."

முப்பது வருஷமாக வண்டி பிரிக்கிறவர். அவருக்கே இந்தக் கதி.

விஷயம் எளிமையானதுதான். மோட்டார் ஒரு திருகுத் தண்டைச் சுற்றுகிறது. தண்டில் ஏறியிருக்கும் நட்டு முன்னால் நகர்ந்து பிஸ்டனை உள்ளிருந்து முட்டுகிறது. ஹேண்ட் பிரேக் பிடித்துக்கொள்வது அப்படித்தான். நட்டை முழுதாகப் பின்னால் இழுக்காமல் கிளாம்பால் அழுத்தினால் தண்டோ மோட்டாருக்குள் இருக்கும் பல்சக்கரமோ போய்விடும். பிறகு காலிப்பரையே புதிதாக வாங்க வேண்டியதுதான்.

என்னிடமும் வண்டியின் கணினியைப் படிக்கிற ஒரு சின்ன ரீடர் உண்டு. ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் 16 பின் சாக்கெட்டில் செருகினால் போனில் எல்லாம் வரும்: என்ஜின் சூடு, ஆக்சிஜன் சென்சார், சுற்றுவேகம். பிரேக் பக்கம் போனால் மட்டும் மௌனம். ரீடர் மட்டம் போல என்று நினைத்தேன். தேடிப் படித்த பிறகுதான் காரணம் புரிந்தது. அந்த சாக்கெட்டை வண்டி வைத்திருப்பவருக்காக யாரும் வைக்கவில்லை. புகைக்காக வைத்தார்கள். காற்று மாசைக் கட்டுப்படுத்தும் சட்டத்தின்படி அமெரிக்காவில் 1996 மாடலிலிருந்து எல்லாக் கார்களிலும் ஒரே மாதிரி சாக்கெட், ஒரே மாதிரி பிழைக் குறியீடுகள் கட்டாயமாயின. சட்டம் கேட்டது புகையோடு தொடர்புள்ளதை மட்டும். அதனால்தான் P0 என்று தொடங்கும் குறியீடு பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் வண்டியிலும் ஒரே பொருள் தரும். P1 என்றால் அந்தந்த நிறுவனத்தின் சொந்த பாஷை. பிரேக், ஏர்பேக், கதவு எல்லாம் பேசுவது பெரும்பாலும் அந்தச் சொந்த பாஷைதான்.

வண்டியோடு வந்த கையேடு தலையணை கனம். போனை ப்ளூடூத்தில் இணைக்கப் பக்கம் பக்கமாக விளக்கம். பின் பிரேக்குக்கு ஒரே வரி: அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரை அணுகவும். நிறுவனத்தின் தொழில்நுட்பத் தளத்தில் பதிவு செய்யலாமென்று போனேன். 'நீங்கள் யார்?' என்று கேட்டு ஒரு பட்டியல் விரிந்தது. டீலர், பட்டறை, காப்பீட்டு நிறுவனம், பயிற்சி நிலையம். வண்டியின் உரிமையாளர் என்று ஒன்று இல்லவே இல்லை. இரண்டு முறை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தேன்.

சட்டங்களிலும், யார் யாருக்குத் தகவல் என்கிற இந்தப் பட்டியல் முக்கியம். ஐரோப்பிய ஒன்றியம் 2007-இலேயே, பழுதுபார்க்கும் தகவலை நியாயமான கட்டணத்தில் வெளிப் பட்டறைகளுக்கும் இணையத்தில் தர வேண்டும் என்றது. ஆஸ்திரேலியாவில் 2022 ஜூலையில் வந்த ஏற்பாடும் பட்டறைகளுக்கும் பயிற்சி நிறுவனங்களுக்கும்தான். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இதற்காக மக்கள் நேரடியாகவே ஓட்டுப் போட்டார்கள். 2012-இல், 85 சதவீதத்துக்கும் மேல் ஆதரவு. அந்தச் சட்டத்தில் பட்டறையோடு வண்டி உரிமையாளரும் இருக்கிறார். ஆனால் வண்டி கம்பியில்லாமல் நிறுவனத்துக்கு அனுப்பும் தகவல் பெரும்பாலும் அதற்குள் வரவில்லை. அதற்காக 2020-இல் மறுபடி ஓட்டெடுப்பு. நான்கில் மூன்று பங்கு பேர் ஆதரித்தும், உற்பத்தியாளர்கள் கோர்ட்டுக்குப் போய் வருஷக்கணக்கில் இழுத்தார்கள். வண்டி நேராக நிறுவனத்தோடு பேசப் பழகிவிட்டால் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட் வெறும் அலங்காரம்தான்.

ஏன் மறைக்கிறீர்கள் என்று கேட்டால் நிறுவனங்கள் பாதுகாப்பு என்பார்கள். சாவியைப் புதிதாகப் பதிவு செய்யும் வழியைப் பூட்டி வையுங்கள், சம்மதம். திருடனுக்கு அதுதான் வேண்டும். பிரேக் விஷயத்தில் மட்டும் இந்த வாதம் எனக்கு ஒப்பவில்லை. செய்முறையை மறைத்ததால் நான் காலிப்பரைத் தொடாமல் இருந்தேனா? தொட்டேன், தப்பாகத் தொட்டேன். இன்னொரு அரைச் சுற்று திருகியிருந்தால், ஏதோ ஒரு மேட்டில் நிறுத்திய வண்டி தானாகக் கிளம்பியிருக்கலாம். நான் கேட்டது மோட்டாரின் வரைபடத்தை அல்ல. எதை முதலில் அழுத்த வேண்டும், போல்ட்டை எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்க வேண்டும், அவ்வளவுதான்.

மறுநாள் காலை அண்ணனே கூப்பிட்டார். கம்பெனி சர்வீஸில் முன்பு வேலை பார்த்த யாரையோ பிடித்து வாங்கியிருக்கிறார். அவர் சொல்லச் சொல்ல, புதுப் பேட் வந்த அட்டைப்பெட்டியின் பின்புறம் எழுதினேன். நாலே வரி. ஸ்கேனரே வேண்டாம். இக்னிஷனை ஆன் செய்து, ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தபடியே ஹேண்ட் பிரேக் சுவிட்சைக் குறிப்பிட்ட வரிசையில் அழுத்திப் பிடிக்க வேண்டும். (என் மாடலுக்கு மட்டும் பொருந்துகிற வரிசை என்பதால் முழுசாக இங்கே எழுதவில்லை.) மூன்றாவது முயற்சியில் பின்னாலிருந்து 'ர்ர்ரீ' என்று மெல்லிய இரைச்சல், இரண்டு பக்கமும். டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு சிமிட்டியது. கிளாம்பைத் திருகினேன். பிஸ்டன் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி உள்ளே போனது.

பேடை மாட்டி, பெடலைப் பத்துப் பன்னிரண்டு முறை மிதித்து, சர்வீஸ் மோடிலிருந்து வெளியே வந்து, சரிவில் நிறுத்திப் பார்த்தேன். நிற்கிறது. அட்டையை வெட்டிக் கையேட்டில் அந்த ஒரு வரிப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

'சர்வீஸ் செய்யவும்' என்கிற ஸ்பேனர் விளக்கு மட்டும் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. அதை அணைக்கும் வரிசையை அண்ணன் விசாரித்துக்கொண்டிருக்கிறார்.