மருந்தா, மாவு மாத்திரையா?

மூன்று மருந்துகள் மாற்றிப் பார்த்தும் மனச்சோர்வு என்னை விடவில்லை. அப்போதுதான் மருத்துவர் ஒரு சோதனை மருந்தைப் பற்றிச் சொன்னார். சோதனையில் சிலருக்கு நிஜ மருந்து, சிலருக்கு மருந்தே இல்லாத மாவு மாத்திரை. மனநிலையோடு தொடர்புள்ள செரட்டோனின், நார்அட்ரினலின் போன்ற மூளை வேதிப்பொருள்களைச் சிதைக்கும் மோனோஅமைன் ஆக்ஸிடேஸ் என்ற நொதியைத் தடுக்கிற மருந்து. மருந்து புதிது, வகை பழையது. 1950களில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனயாசிட் நோயாளிகளின் மனநிலையையும் தூக்கிவிட்டதில்தான் எல்லாம் தொடங்கியது. கல்லீரலைக் கெடுத்ததால் பிறகு அதைக் கைவிட்டார்கள். ஒப்புதல் படிவத்தில் 'கல்லீரல் பரிசோதனை' என்று பார்த்ததும் அந்தக் கதைதான் நினைவுக்கு வந்தது. எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம் என்ற வரியை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

கஷ்டமெல்லாம் முதல் மாத்திரைக்கு முன்பே வந்துவிட்டது. நான் சாப்பிட்டுவந்த ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்து உடம்பில் இருக்கும்போது இந்த வகை மருந்து சேர்ந்தால் செரட்டோனின் ஆபத்தான அளவுக்கு ஏறிவிடலாம். அதனால் 5 வாரம் எந்த மருந்தும் கிடையாது. வேறு சில மாத்திரைகளுக்கு 2 வாரமே போதுமாம். எனக்கு வாய்த்தது இது. மூன்றாவது வாரம் குளிப்பதே மலையாகத் தெரிந்தது. அக்கா தினமும் ராத்திரி போன் செய்து, "சாப்பிட்டியா, தூங்கினியா?" என்பாள். சில நாள் பொய் சொன்னேன். அப்படிக் கேட்க யாரும் இல்லாதவர்கள் இந்த இடைவெளியை எப்படிக் கடப்பார்கள் என்று இன்றும் யோசிக்கிறேன்.

அப்புறம் மாத்திரை வந்தது. கூடவே உணவுப் பட்டியலும். நாள்பட்ட சீஸ், சோயா சாஸ் எல்லாம் கூடாது. அவற்றிலுள்ள டைரமைன் என்ற பொருளைக் குடலில் சிதைப்பதும் இதே நொதிதான். அதைத் தடுத்தால் ரத்த அழுத்தம் எகிறலாம்.

வருகைதோறும் மனச்சோர்வை அளக்கும் ஹாமில்டன் அளவுகோலின் அதே 17 கேள்விகள். மதிப்பெண் குறைந்தால் நல்லது. தூக்கம், குற்றவுணர்வு, தற்கொலை எண்ணம். கேட்பவர் அவ்வளவு பொறுமையானவர். அவர் மனம் வாடக் கூடாதே என்று ஒருநாள் கொஞ்சம் கூட்டியே நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டேன். அடுத்த முறை ஒப்புக்கொண்டதும், "கெட்ட வாரம் என்றால் கெட்ட வாரம் என்றே சொல்லுங்கள்" என்றார்.

எழுந்து நின்றால் தலை சுற்றியது. சரி, நமக்குக் கிடைத்தது நிஜ மருந்துதான் என்று முடிவே கட்டினேன். கேள்வி கேட்பவரிடம் விசாரித்தால் அவருக்கும் தெரியாது. யாருக்கு எது என்பதை இரு தரப்புக்கும் மறைத்து நடத்தும் சோதனை அது.

24-இல் தொடங்கிய மதிப்பெண் கடைசி வருகையில் 13. மிச்ச மாத்திரைகளை எண்ணி வாங்கிக்கொண்டார்கள். "அப்போ உனக்குக் கொடுத்தது மருந்தா இல்லையா?" என்கிறாள் அக்கா. எல்லோரும் முடித்த பிறகுதான் சொல்வார்களாம். இப்போதைக்குக் காலையில் குளித்துவிடுகிறேன்.