எண்ணுக்கு முன்னால் இருக்கும் வரி

வண்டிப் பட்டறையில் புதிதாகச் சேர்ந்தவர் கையில் சர்வீஸ் மேனுவலைக் கொடுத்தால் அவர் முதலில் தேடுவது ஏதாவது ஒரு எண்ணைத்தான். இந்த போல்ட்டுக்கு எத்தனை நியூட்டன் மீட்டர் முறுக்கு, இந்த எஞ்சினுக்கு எத்தனை லிட்டர் ஆயில், இந்த வால்வுக்கு எவ்வளவு இடைவெளி. எண் கிடைத்ததும் பக்கத்தை மூடிவிட்டு ஸ்பேனரை எடுத்துவிடுவார். பல வருடங்களாக இதைப் பார்த்துவருகிறேன். எண்ணைத் தேடுவதில் தப்பில்லை. ஆனால் அந்த எண் எந்த நிலைமையில் செல்லும் என்பது பெரும்பாலும் அதே கட்டத்தில் இருக்காது. இரண்டு வரி மேலே இருக்கும், இல்லாவிட்டால் அந்தப் பகுதியின் முதல் பக்கத்தில் இருக்கும். வண்டி தரையில் நிற்க வேண்டுமா, தூக்கியிருக்க வேண்டுமா? எஞ்சின் ஆறியிருக்க வேண்டுமா, சூடாக இருக்க வேண்டுமா? மரையில் எண்ணெய் தடவ வேண்டுமா, துடைக்க வேண்டுமா? இதைச் சொல்லும் வரியைப் படிக்காமல் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டால் வேலை கெடும். சில வேலைகளில் ஆளுக்கே ஆபத்து வரும்.

சக்கரத்தை வண்டிச் சட்டத்தோடு சேர்த்துப் பிடிக்கும் லோயர் ஆர்மை மாற்றும் வேலையைப் பாருங்கள். பழைய ஆர்மைக் கழற்றி, புதியதை மாட்டி, டார்க் ரெஞ்சில் (வைத்த முறுக்கு அளவு வந்ததும் கிளிக் என்று சத்தம் போடும் ஸ்பேனர்) சொன்ன அளவுக்கு போல்ட்டை முடுக்கினால் முடிந்தது என்று தோன்றும். வண்டி ஜாக்கி ஸ்டாண்டில் இருக்கும்போதே எல்லாவற்றையும் முடித்துவிடலாம், கைக்கும் வசதி. ஆனால் பெரும்பாலான மேனுவல்களில் நடுவே ஒரு வரி வரும்: புஷ் (ஆர்ம் சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் உருளை) போல்ட்டை இப்போதைக்கு லேசாக மட்டும் முடுக்கவும். பிறகு சக்கரத்தை மாட்டி, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து முறை அமுக்கிவிட்ட பிறகுதான் முழு அளவுக்கு முடுக்கச் சொல்லியிருப்பார்கள். ஏன் என்று எழுதியிருக்க மாட்டார்கள்.

காரணம் ரப்பருக்குள் இருக்கிறது. புஷ்ஷின் உள் குழாயை போல்ட் சட்டத்தோடு சேர்த்து இறுக்கிவிடும். வெளிக்கூடு ஆர்மோடு சேர்ந்து அசையும். நடுவிலுள்ள ரப்பர் முறுகிக்கொடுப்பதால்தான் ஆர்ம் மேலும் கீழும் போகிறது. ஆர்ம் தொங்கிக்கொண்டிருக்கும்போது முழுதாக முடுக்கினால், ரப்பருக்கு அந்தத் தொங்கும் நிலைதான் ஓய்வு நிலை. வண்டியை இறக்கியதும் ரப்பர் முறுகிக்கொள்ளும். நின்றாலும் ஓடினாலும் அந்த முறுக்கு விடாது. சீக்கிரமே கிழியும். வாடிக்கையாளர் திரும்பி வந்து ‘புது சாமான் போட்டும் சத்தம் வருதே’ என்பார். எண் சரி, ரெஞ்ச் சரி, சாமானும் சரி. முடுக்கிய நேரம்தான் தப்பு.

இதை வாயால் விளக்குவதைவிட, கழற்றிப்போட்ட ஆர்ம் ஒன்றை வைத்துக் காட்டுவது எனக்குப் பிடிக்கும். புஷ்ஷின் உள் குழாயின் இரண்டு முனைகளையும் வைஸில் இறுக்கிவிட்டு, ஆர்மின் நுனியைப் பிடித்துக் கீழே அழுத்தச் சொல்வேன். ரப்பர் எதிர்த்து இழுப்பது கையில் தெரியும். விட்டால் ஆர்ம் பழைய இடத்துக்கே துள்ளி வரும். ‘அண்ணே, அப்போ தொங்குறப்போ டைட் வச்சா இது எப்பவும் இப்படியே இழுத்துக்கிட்டு இருக்குமா?’ என்று தம்பிகள் அவர்களாகவே கேட்டுவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த வரியை அவர்கள் தாண்டிப் போவதில்லை.

முறுக்கு விசை என்ற விஷயமே இப்படித்தான். நமக்கு உண்மையில் வேண்டியது போல்ட் எவ்வளவு நீண்டு, எவ்வளவு அழுத்திப் பிடிக்கிறது என்பது. அதை நேராக அளக்க முடியாததால் முறுக்கை அளக்கிறோம். நாம் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்கப் போகிறது. மீதியெல்லாம் போல்ட் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்வாகவே கரைந்துவிடும். உலர்ந்த மரைக்கென்று கொடுத்த எண்ணை எண்ணெய் தடவிய மரையில் போட்டால், உராய்வு குறைந்து, அதே கிளிக் சத்தத்துக்குள் போல்ட் அளவுக்கு மீறி இழுபட்டிருக்கும். எண்ணெய் தடவச் சொன்ன இடத்தில் தடவாமல் விட்டால் பிடிப்பு போதாது. வெளியே பார்க்க இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

எஞ்சின் பிளாக்கின் மேல் உட்காரும் சிலிண்டர் ஹெட் வேலையில் இது எல்லாம் ஒன்றாகச் சேரும். மேனுவல் வரிசை எண் போட்ட படம் ஒன்று கொடுத்திருக்கும். முடுக்கும்போது நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கழற்றும்போது ஓரத்திலிருந்து உள்பக்கமாக, அதுவும் ஒரே மூச்சில் இல்லாமல் படிப்படியாக. பல எஞ்சின்களில் முதலில் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு முடுக்கி, அதற்கு மேல் 90 பாகை, பிறகு இன்னொரு 90 பாகை என்று கோணக் கணக்கில் திருப்பச் சொல்வார்கள். அந்த போல்ட்டுகள் பெரும்பாலும் மீளாத அளவுக்கு நீள்வதற்கென்றே செய்யப்பட்டவை. அதனால் சில மேனுவல்கள் புது போல்ட்தான் போட வேண்டும் என்று சொல்லும். சில, நீளத்தை அளந்து எல்லைக்குள் இருந்தால் போடலாம் என்று சொல்லும். இன்னொரு வரியைப் பலரும் கவனிப்பதில்லை: பிளாக்கில் உள்ள போல்ட் துளைகளில் எண்ணெயோ கூலன்ட்டோ தேங்கியிருந்தால் சுத்தம் செய்யவும். அடி மூடிய துளையில் திரவம் நின்றால், போல்ட் இறங்கும்போது அது போக வழியில்லாமல் பிளாக்கையே விரிசல் விடச் செய்யும்.

அலகு விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை, பார்க்கத்தான் வேண்டும். ஒரு கிலோ விசை மீட்டர் என்பது 9.8 நியூட்டன் மீட்டர். ஒரு பவுண்டு அடி என்பது 12 பவுண்டு அங்குலம். அட்டவணையின் தலைப்பைப் பார்க்காமல் எண்ணை மட்டும் எடுத்தால் பத்து மடங்கு, பன்னிரண்டு மடங்கு என்று தவறிப்போகும். அலுமினிய மரையில் சின்ன போல்ட் என்றால் அங்கேயே உரிந்துவிடும்.

இனி ஆளைக் காயப்படுத்தும் வேலைகள். ஏர்பேக் பகுதியைத் திறந்தால் முதல் பக்கம் முழுக்க எச்சரிக்கையாக இருக்கும். பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டுக் காத்திருக்கச் சொல்வார்கள். சில வண்டிகளுக்கு 90 விநாடி, சிலவற்றுக்கு 3 நிமிடம், அதற்கு மேலும் உண்டு. விபத்தில் பேட்டரி நொறுங்கிப்போனாலும் ஏர்பேக் விரிய வேண்டும் என்பதற்காக, அதன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் கெபாசிட்டர் இருக்கிறது. பேட்டரியைக் கழற்றியும் அது உயிரோடுதான் இருக்கும். எங்கள் பட்டறையில் டெர்மினலைக் கழற்றியவர் அந்த நேரத்தை ஒரு டேப்பில் எழுதி கண்ணாடியில் ஒட்டிவிட வேண்டும். ‘போதும் போதும், நேரமாயிருக்கும்’ என்று குத்துமதிப்பாகச் சொல்வதற்கு இந்த வேலையில் இடம் கிடையாது.

கழற்றிய ஏர்பேக்கை மேசையில் வைக்கும்போது அலங்கார மூடி உள்ள பக்கம் மேலே இருக்க வேண்டும். கவிழ்த்து வைத்து அது தப்பித்தவறி வெடித்தால், பை விரியும் வேகத்தில் மொத்த உருப்படியும் மேலே பறக்கும். அதைத் தூக்கிப் போகும்போதும் மூடிப் பக்கம் உடம்பைப் பார்க்கக்கூடாது. இணைப்பு சரியா என்று பார்க்க மல்டிமீட்டரை எடுத்து அதன் ரெசிஸ்டன்ஸை அளக்கவே கூடாது என்றும் எழுதியிருக்கும். அந்த மீட்டர் செலுத்தும் சிறிய மின்னோட்டமே அதைத் தூண்டிவிடக்கூடும். எலக்ட்ரிக்கல் வேலை நன்றாகத் தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் எதைப் பார்த்தாலும் மீட்டரை வைப்பது அவர்கள் கைப்பழக்கம்.

ஹைபிரிட், எலக்ட்ரிக் வண்டிகளில் உயர் மின்னழுத்தம் ஓடும் ஆரஞ்சு நிற கேபிள்களைப் பார்த்தாலே கையை எடுத்துவிட்டு மேனுவலுக்குப் போக வேண்டும். அந்த மின்சாரத்தைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கைக் கழற்றினாலும் உடனே வேலை தொடங்க முடியாது. 5 நிமிடம், 10 நிமிடம் என்று வண்டியைப் பொறுத்துக் காத்திருக்கச் சொல்லும். கழற்றிய பிளக்கை வேலை செய்கிறவர் தன் பையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் வேறு யாராவது நல்ல எண்ணத்தோடு அதை மாட்டிவைத்துவிடுவார்கள். ரப்பர் கையுறையின் வாயைச் சுருட்டிக் காற்றை அடைத்து, எங்கேயாவது கசிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும். மின்னழுத்தம் இல்லை என்பதை மீட்டரில் பார்க்கும்போது, அந்த மீட்டரே ஒழுங்காக வேலை செய்கிறதா என்பதை முன்னும் பின்னும் வேறு ஒரு பேட்டரியில் வைத்து உறுதி செய்துகொள்வது நல்லது. செத்த மீட்டரும் சுழியத்தைத்தான் காட்டும்.

காமன் ரெயில் டீசல் எஞ்சினில் (ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா இன்ஜெக்டருக்கும் மிகுந்த அழுத்தத்தில் டீசல் போகும் வகை), ஓடும்போது இன்ஜெக்டர் பைப்பின் நட்டைத் தளர்த்திப் பார்க்கும் பழைய வழக்கத்தை இன்னும் சிலர் விடவில்லை. உள்ளே அழுத்தம் பல எஞ்சின்களில் 1,600 பார் வரை ஏறும், சிலவற்றில் 2,000 பாரையும் தாண்டும். அந்த டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே கை கெட்டுவிடும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது. எஞ்சினை நிறுத்திய பிறகும் அழுத்தம் இறங்க எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று மேனுவலில் இருக்கும்.

எனக்கு மிகவும் சங்கடம் தரும் வாக்கியம் ஒன்று உண்டு: கழற்றியதற்கு நேர்மாறான வரிசையில் பொருத்தவும். எழுதியவருக்கு ஒரு வரி. பொருத்துகிறவருக்கு அதற்குள் பத்து வேலை ஒளிந்திருக்கும். கழற்றும்போது இல்லாத எத்தனையோ பொருத்தும்போது வரும். புது கேஸ்கெட், புது ஸ்ப்ளிட் பின், பிரேக் பைப்பைத் தொட்டிருந்தால் காற்று எடுப்பது, கூலன்ட் ஊற்றிக் காற்றை வெளியேற்றுவது எல்லாம் அதில் அடக்கம். பால் ஜாயின்ட் நட்டில் ஸ்ப்ளிட் பின் நுழையும் துளை நேராகச் சேராவிட்டால் இன்னும் கொஞ்சம் முடுக்கித்தான் சேர்க்க வேண்டும், தளர்த்திச் சேர்க்கக்கூடாது. டைமிங் பெல்ட் (பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டையும் வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டையும் இணைக்கும் பட்டை) போட்டால் கிராங்க்கைக் கையால், எஞ்சின் ஓடும் திசையிலேயே, இரண்டு முழுச் சுற்று சுற்றி மார்க் மறுபடி சேருகிறதா என்று பார்க்க வேண்டும். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று முடியும், அதனால்தான் இரண்டு. இடையில் எங்கேயாவது தட்டினால் அதே இடத்தில் நிறுத்திவிட வேண்டும். வால்வு பிஸ்டனைத் தொடுகிறது என்று அர்த்தம். மேனுவலில் ‘நேர்மாறாக’ என்று பார்த்தால், படத்தில் எந்தெந்தச் சாமானுக்குத் திரும்பப் போடாதே என்ற குறி இருக்கிறது என்று முதலில் எண்ணி, அவற்றைப் புதிதாக வாங்கி மேசையில் வைத்துக்கொண்டுதான் நாங்கள் ஆரம்பிப்போம்.

சரி, மேனுவலில் எல்லாம் இருக்கிறதா என்றால், இல்லை. அதில் வரும் வண்டி துருப்பிடிக்காத வண்டி. போல்ட் அசையவே அசையாது என்ற நிலையில் அடுத்த வரியில் என்ன எழுதியிருந்தும் பயனில்லை. அங்கே சீனியர் மெக்கானிக்கின் கைதான் பேசும். தட்டிப் பார்ப்பது, துருநீக்கி எண்ணெய் விட்டு ஊற வைப்பது, கொஞ்சம் முன்னும் பின்னுமாக ஆட்டி வெளியே கொண்டுவருவது, சூடு காட்டலாமா கூடாதா என்று தீர்மானிப்பது. அந்த அனுபவத்துக்கு நான் எப்போதும் மரியாதை கொடுக்கிறேன். அதே அனுபவத்தை வைத்து, ‘எத்தனை வண்டி பார்த்தாச்சு, கையிலேயே டைட் தெரியும்’ என்று சொல்லும்போது மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். மரை உரியப்போகிறது என்பது கைக்குத் தெரியும். எட்டு போல்ட்டும் சமமாக இழுபட்டிருக்கின்றனவா என்பது எந்தக் கைக்கும் தெரியாது.

எந்த மேனுவல் என்பதும் முக்கியம். ஒரே பெயரில் விற்கும் வண்டியில் வருடத்துக்கு வருடம், சில சமயம் மாதத்துக்கு மாதம் பிரேக்கும் ஒயரிங்கும் மாறும். 17 எழுத்தும் எண்ணுமாக உள்ள சேசிஸ் எண்ணை வண்டியிலிருந்தே எழுதி எடுத்து, அதற்குரிய பக்கத்தைத் தேட வேண்டும். அந்த எண்ணில் ஐ, ஓ, க்யூ என்ற ஆங்கில எழுத்துகள் வராது, அதனால் வட்டமாகத் தெரிவது சுழியம்தான். படத்தில் இடது, வலது என்பது ஓட்டுநர் இருக்கையிலிருந்து பார்ப்பது. வண்டியின் முன்னால் நின்று பார்த்தால் எல்லாம் மாறிவிடும்.

வேலை நடுவில் நின்றுபோவதுதான் இதில் எல்லாவற்றையும்விடப் பெரிய தொல்லை. போன் வரும், சாப்பாட்டு நேரம் வரும், ஷிஃப்ட் மாறும். அதனால் முழு அளவுக்கு முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டிலும் உடனே பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போட வேண்டும் என்று வைத்திருக்கிறோம். கோடு இல்லாத போல்ட் விரலால் முடுக்கிய போல்ட் என்றே கணக்கு. செய்யவிருக்கும் வேலையின் பக்கங்களை அச்செடுத்து, ஸ்பேனரைத் தொடும் முன் ஒரு தடவை முழுக்கப் படித்து, காத்திருக்க வேண்டிய நேரங்களையும் வண்டி இருக்க வேண்டிய நிலையையும் வட்டமிட்டுவிடுவோம். முடித்த வரிக்குப் பக்கத்தில் டிக். வேலையை இன்னொருவர் தொடர்ந்தால், கடைசி டிக்கிலிருந்து இரண்டு வரி பின்னால் போய்ச் சரிபார்த்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். வண்டியை ஓட்டிப் பார்த்து வந்து, சக்கர நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பார்த்து, கடைசி வரிக்கும் டிக் விழுந்த பிறகு அந்தத் தாளை ஜாப் கார்டோடு பின் அடித்துக் கொடுத்துவிடுகிறோம்.