பளபளப்பு வேறு, கம்பெனி பெயிண்ட் வேறு

பழைய அம்பாசடரோ பத்மினியோ பட்டறைக்கு வந்தால், "கண்ணாடி மாதிரி மின்னணும்" என்றுதான் பேச்சு தொடங்கும். கல்யாண ஊர்வலத்துக்கு விடுகிற வண்டி என்றால் அது சரி. உத்தரபாரா (அம்பாசடர்) தொழிற்சாலையிலிருந்தோ குர்லா (பத்மினி) தொழிற்சாலையிலிருந்தோ வெளிவந்த நாளில் இருந்தபடி வேண்டுமென்றால், பெயிண்டர் தன் கைத்திறமையைக் கொஞ்சம் அடக்கித்தான் ஆக வேண்டும்.

முதலில் அசல் நிறத்தைத் தேட வேண்டும். வெயில் படாத இடத்தில்தான் அது மங்காமல் இருக்கும்: டேஷ்போர்டுக்குப் பின்னால், பின்சீட்டுக்கு அடியில், கதவு பீடிங் ரப்பரை உரித்த இடத்தில், டிக்கி கீலுக்குக் கீழே. அங்கே காலணா அளவு இடத்தை 800 வாட்டர் பேப்பரால் (தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாள்) மெல்லத் தேய்த்தால் ஒவ்வொரு பெயிண்ட்டும் ஒரு வளையமாகத் தெரியும். பிரைமருக்கு (அடிப்பூச்சு) மேல் முதலில் வருவதுதான் கம்பெனி நிறம். அதற்கும் அடியில் பட்டி (பள்ளம் நிரப்பும் பசை) தெரிந்தால் அந்த இடத்தில் ஏற்கெனவே டிங்கரிங், அதாவது தகட்டு ஒடுக்கு எடுக்கும் வேலை, நடந்திருக்கிறது. வேறு இடம் பாருங்கள். இதெல்லாம் வண்டியைப் பிரிப்பதற்கு முன்பே. எந்த போல்ட் தலையில் பாடி கலர் இருந்தது, எதில் ஜிங்க் பூச்சு இருந்தது என்று போட்டோ எடுத்து வைக்காவிட்டால் பிறகு ஊகம்தான்.

பழைய பெயிண்ட் எந்த ரகம் என்பதற்கு தின்னர் நனைத்த துணி போதும். துணியில் நிறம் ஒட்டினால் லாக்கர், அதாவது தின்னரில் கரையும் பெயிண்ட். சுருங்கி எழும்பினால் சிந்தெடிக் எனாமல். அதன் மேல் நேரடியாக லாக்கர் அடித்தால் மொத்தமும் சுருக்கம் விழும்.

காவிரி டெல்டாவில் பாதிச் சண்டை ஈரத்தோடுதான். வெற்றுத் தகட்டின் மேல் முதலில் எபாக்சி பிரைமர், பிறகுதான் பட்டி. பட்டியில் டால்க் மாவு இருப்பதால் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். தண்ணீர் விட்டுத் தேய்த்துவிட்டு காயுமுன் அவசரமாகப் பெயிண்ட் அடித்து மூடினால் சில மாதத்தில் கொப்புளம் வரும். நாகப்பட்டினம் பக்கம் போர்வெல் உப்புத் தண்ணீரில் கழுவினாலும் இதே கதிதான்: பெயிண்ட்டுக்கு அடியில் தங்கும் உப்பு ஈரத்தை இழுக்கும். கடைசிக் கழுவல் நல்ல தண்ணீரில் இருக்கட்டும். பட்டி 3 மி.மீ.க்கு மேல் போனால் தகட்டைத் திரும்பத் தட்ட வேண்டும் என்று அர்த்தம். 100 கிராம் பட்டிக்கு ஹார்ட்னர் (பட்டியை இறுக வைப்பது) சுமார் 2 கிராம். சீக்கிரம் காயட்டும் என்று அள்ளிப் போட்டால் வெள்ளை வண்டியில் மஞ்சள் கறை மேலே கசிந்து வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் லாக்கர் அடித்தால் பால் தெளித்தாற்போல் வெளுத்துப் போகும். தின்னர் ஆவியாகும்போது தகடு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிவதே காரணம். ரிடார்டர் (மெதுவாக ஆவியாகும் தின்னர்) கொஞ்சம் சேர்த்தால் சமாளிக்கலாம், மழை நாளில் அதுவும் உதவாது. தை, மாசியில் அறுவடை மெஷின் கிளப்பும் தூசு. பங்குனியில் பனி விலகிய பிறகு, வெயில் ஏறுவதற்குள் அடிப்பதுதான் உத்தமம்.

மெட்டாலிக் அல்லாத சாதாரண நிறத்துக்கு கிளியர் கோட் (மேலே அடிக்கும் நிறமற்ற பூச்சு) வேண்டாம். அசலில் மெல்லிய ஆரஞ்சுத் தோல் (ஆரஞ்சுப் பழத் தோல் போன்ற மேடுபள்ளம்) இருக்கும். அதை 2000 பேப்பரால் தேய்த்துச் சமமாக்குவது திருத்தம் இல்லை, அழிப்பு. மழைநீர்க் கால்வாயிலும் கதவு மடிப்பிலும் வரிசையாக இருக்கும் ஸ்பாட் வெல்ட் குழிகளில் பட்டியைப் பூசி மழமழப்பாக்குவதும் அப்படித்தான். பிரமாதமாகத் தெரியும், ஆனால் பழைய வண்டி பார்த்தவர் அங்கேதான் முதலில் விரலை வைத்துத் தடவுவார்.

முலாம் வேலையில் ஒரே எச்சரிக்கை. பம்பரைத் தாராளமாகக் கொடுக்கலாம். செம்பு, நிக்கல், குரோம் என்ற வரிசை மட்டும் தவறக் கூடாது. எழுத்துச் சின்னம், கைப்பிடி போன்றவற்றைக் கொடுப்பதற்கு முன் பின்பக்கம் சுரண்டிப் பாருங்கள். மஞ்சளாக இருந்தால் பித்தளை, பயமில்லை. சாம்பல் நிறமென்றால் துத்தநாக வார்ப்பு. பழைய முலாமை எடுக்க இரும்போடு சேர்த்து அமிலத் தொட்டியில் போட்டால் எழுத்தே கரைந்துவிடும். கும்பகோணத்தில் குத்துவிளக்கு பாலிஷ் போட்டுப் பழகிய கைகளிடம் கொடுத்தாலும், எழுத்தின் ஓரங்களை மழுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.