ஓட்டின் மேல் ஓடு: சிட்னி ஒபேரா ஹவுஸில் ஒரு நாள்

சிட்னியில் நான் தங்கியிருந்தது பாரமட்டா பக்கம், சித்தி மகள் வீட்டில். அங்கிருந்து ஒபேரா ஹவுஸுக்கு ரயிலில் சீக்கிரம் போய்விடலாம், ஆனால் அவள் ஒரே பிடியாக நின்றாள். "அண்ணா, முதல் தடவை பார்க்கிறவங்க படகுலதான் போகணும், ரயில்ல போய் இறங்கினா பாதி போச்சு." சரி என்று ஜூன் மாதக் குளிரில் ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு, அவளுடைய பத்து வயதுப் பையனையும் கூட்டிக்கொண்டு காலைப் படகைப் பிடித்தேன். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். தொடக்கத்தில் ஆறு வாய்க்கால் மாதிரி குறுகலாக, இரண்டு பக்கமும் அலையாத்தி மரங்களோடு போகிறது, படகு கிளப்பும் அலை கரையை அரித்துவிடக் கூடாது என்று மெதுவாகத்தான் விடுகிறார்கள். அப்புறம் ஆறு விரிந்து, கரையில் பணக்கார வீடுகள் வந்து, கடைசியில் அந்தப் பெரிய இரும்புப் பாலம்.

பாலத்துக்கு அடியில் நுழையும்போது எல்லோரும் செல்போனைத் தூக்கிக்கொண்டு முன்பக்கம் ஓடினார்கள், நானும் ஓடினேன். வெளியே வந்ததும் வலது பக்கம் அது. உண்மையைச் சொல்கிறேன், முதல் பார்வையில் ஒபேரா ஹவுஸ் கறுப்பாக இருந்தது. காலை வெயில் அதற்குப் பின்னாலிருந்து அடிக்க, நாற்பது வருடமாகக் காலண்டரில் பார்த்த அந்த வெள்ளைப் பாய்மரம் நிழலுருவமாக நின்றது. என் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டுப் பையன், "வெயில் திரும்பினாலும் வெள்ளையா இருக்காது மாமா, ஸ்கூல்ல கூட்டிட்டு வந்தாங்க, கிட்ட போய்ப் பாருங்க" என்றான்.

அவன் சொன்னது சரி. படிகள் ஏறி மேடைக்குப் போனால் கூரையின் அடிப்பகுதியைக் கையால் தொடலாம். வெளுப்பான பளபளப்பு ஓடுகளும், பளபளப்பில்லாத பாலாடை நிற ஓடுகளும் கலந்து பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் 12 சென்டிமீட்டர் சதுரம். தூரத்தில் இருந்து பார்க்கும்போது வெயில் கண்ணைக் குத்தாமல் கூரை மினுமினுப்பதற்கு இந்தக் கலப்புதான் காரணம். மொத்தம் 10 லட்சத்துக்கும் மேல், கணக்காகச் சொன்னால் 10,56,006 ஓடுகள், எல்லாம் ஸ்வீடனில் ஹோகனாஸ் என்ற ஊரில் சுட்டவை. தேடிய பளபளப்பு கிடைக்க அந்த ஆலைக்குச் சில வருடங்கள் பிடித்ததாம். மழையே கழுவிவிடும் என்கிறார்கள், அழுக்கு என்று எனக்கும் எதுவும் கண்ணில் படவில்லை.

இங்கே ஒரு விஷயம் தோன்றியது. அந்த வளைந்த கூரைகளை உலகமே நத்தை ஓடு, சிப்பி ஓடு என்று சொல்கிறது. அதன்மேல் பதித்திருப்பதும் ஓடு. நமக்கு இரண்டும் ஒரே சொல், ஓட்டின் மேல் ஓடு. இதைப் பையனிடம் சொன்னேன், அவன் "அப்போ 'ஓடு'ன்னா ஓடணும் இல்லையா மாமா?" என்று கேட்டுவிட்டுப் படிகளில் இறங்கி ஓடினான்.

இடத்தின் கதை கட்டடத்தைவிடப் பழையது. காடிகல் என்ற பழங்குடி மக்களின் நிலம், டுபோகூலி என்பது அவர்கள் வைத்த பெயர். இப்போதைய பெயர் பெனலாங் முனை. பெனலாங், வாங்கல் என்ற இன்னொரு பழங்குடியைச் சேர்ந்தவர், அவருக்கு ஆங்கிலேய ஆளுநர் ஆர்தர் பிலிப் 1790இல் இங்கே ஒரு செங்கல் குடிசை கட்டிக் கொடுத்தார். அதற்குப் பிறகு ஒரு கோட்டை, கோட்டை போய் டிராம் நிறுத்தும் கொட்டகை. நகரத்தின் அழகான மூக்கு நுனியில் டிராம் கொட்டகை!

அந்தக் கொட்டகை இருந்த இடத்தில் இசை அரங்கு வேண்டும் என்று விடாமல் கேட்டவர் யூஜின் கூசன்ஸ், சிட்னி சிம்பொனியின் தலைமை நடத்துநர், ஆங்கிலேயர். கேட்டதும் காது கொடுத்தவர் ஜோசப் காஹில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் தொழிற்கட்சி முதல்வர். உலகப் போட்டி வைத்தார்கள், 233 வரைபடங்கள் வந்தன. 1957 ஜனவரியில் முடிவு சொன்னபோது ஜெயித்தவர் 38 வயது டென்மார்க்காரர் யோர்ன் உட்ஸன். அப்பா கப்பல் வடிவமைப்பாளர். மகன் அதுவரை சிட்னியில் கால் வைத்ததே இல்லை, கடல் வரைபடங்களைப் பார்த்துத்தான் வரைந்தார். மெக்சிகோவில் பழைய மாயன் கோயில்களின் உயர்ந்த கல் மேடைகளைப் பார்த்துவிட்டு வந்தவர், அதனால்தான் முதலில் ஒரு பெரிய மேடை, அதன்மேல் மிதப்பது போல் கூரை. (யோசனையைத் தொடங்கிவைத்த கூசன்ஸோ, சுங்கச் சோதனையில் பெட்டியில் இருந்த ஆபாசப் படங்களுக்காக மாட்டி, 1956லேயே மானம் போய் நாட்டைவிட்டுக் கிளம்பிவிட்டார்.)

சரி, வரைந்தாயிற்று. கட்டுவது எப்படி? அது யாருக்கும் தெரியாது. உட்ஸனின் ஓவியத்தில் இருந்த வளைவுகளுக்குக் கணக்கு கிடையாது, கையால் இழுத்த கோடுகள். ஆனால் காஹிலுக்கு அவசரம், ஆட்சி மாறினால் திட்டமே போய்விடும் என்ற பயம், அதனால் கூரைக்கு விடை கிடைக்கும் முன்பே 1959 மார்ச்சில் வேலையைத் தொடங்கிவிட்டார். அதே வருடம் அக்டோபரில் இறந்தும் போனார். மேடை எழுந்த பிறகுதான் தெரிந்தது, கூரையைத் தாங்க வேண்டிய தூண்களுக்கு வலு போதாது. உடைத்துத் திரும்பக் கட்டினார்கள். வீடு கட்டியவர்களுக்கு இந்த வயிற்றெரிச்சல் புரியும்.

கூரைக்காக ஓவ் அரப் நிறுவனத்துப் பொறியாளர்கள் பரவளையம், நீள்வட்டம் என்று ஏதேதோ வடிவங்களை வருடக்கணக்கில் போட்டுப் பார்த்தார்கள், அந்தக் காலத்துக் கணினிகளையும் விட்டுவைக்கவில்லை. ஒவ்வொரு கூரை ஓடும் ஒவ்வொரு வளைவாக இருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி அச்சு செய்ய வேண்டும், கட்டுப்படியாகாது. 1961இல் விடை வந்தது: எல்லாக் கூரை ஓடுகளையும் ஒரே உருண்டையில் இருந்து வெட்டி எடுத்துக்கொள்வது. 75 மீட்டர் ஆரம் உள்ள ஒரு பெரிய ஆரஞ்சு, அதன் தோலில் பெரிதும் சிறிதுமாக முக்கோணத் துண்டுகள். வளைவு எல்லாவற்றுக்கும் ஒன்றே என்பதால் ஒரே அச்சில் கான்கிரீட் துண்டுகளை வார்க்கலாம், மேலே பதிக்கும் சதுர ஓடுகளையும் தரையிலேயே தட்டுகளாகப் பதித்து மேலே தூக்கி வைக்கலாம். 2,194 கான்கிரீட் துண்டுகள், எபாக்சி பசையால் ஒட்டி, உள்ளே எஃகுக் கம்பிகளை இழுத்து இறுக்கியவை. இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது என்று இன்றும் வாதம் நடக்கிறது, நான் அதற்குள் போகவில்லை.

ஒரு மணி நேரச் சுற்றிக்காட்டலுக்குச் சீட்டு வாங்கியிருந்தோம். அதில் எனக்குப் பிடித்தது அரங்கங்கள் இல்லை. கூரை ஓட்டுக்கும் அரங்கச் சுவருக்கும் நடுவே உள்ள படிக்கட்டுகளில் நின்று நிமிர்ந்து பார்த்தால், அந்தக் கான்கிரீட் விலா எலும்புகள் அடியில் இருந்து விசிறி மாதிரி விரிந்து மேலே சேர்வது அப்படியே தெரிகிறது, பூச்சு இல்லை, வண்ணம் இல்லை, வார்த்த அச்சின் கோடுகள்கூட இருக்கின்றன. வெளியே பட்டுப் புடவை, உள்ளே நெய்த நூல். இன்னோர் இடம், வெளிப் படிகளுக்கு அடியில் கார்கள் வந்து நிற்கும் பகுதி. பலர் அண்ணாந்துகூடப் பார்க்காமல் நடந்து போகிறார்கள். தலைக்கு மேலே 49 மீட்டர் அகலத்துக்கு நடுவில் ஒரு தூண் கிடையாது, மடித்த காகிதம் மாதிரி கான்கிரீட் உத்தரங்கள், பாரம் எங்கே எப்படி விழுகிறதோ அதற்கேற்ப ஓர் உத்தரத்தின் வடிவமே நடுவில் ஒன்றாகவும் முனையில் ஒன்றாகவும் மாறிக்கொண்டு போகிறது. கையைக் கட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பையனுக்குப் பசி.

வெளியே சிப்ஸ் வாங்கினோம். இரண்டாவது சிப்ஸை வாய்க்குக் கொண்டுபோகும்போது ஒரு கடற்புறா வந்து கையில் இருந்ததைப் பிடுங்கிக்கொண்டு போனது. இவற்றை விரட்ட நாய்களை வைத்துப் பார்த்தார்களாம். நான் போன அன்று நாய்க்கு விடுமுறை போல.

கட்டட வேலை நடந்துகொண்டிருந்த 1960 நவம்பரில் அமெரிக்கக் கறுப்பினப் பாடகர் பால் ராப்சன் இங்கே வந்து, சாரத்தில் உட்கார்ந்து மதியச் சாப்பாடு சாப்பிட்டுக்கொண்டிருந்த தொழிலாளர்களுக்காகப் பாடினார். இந்த இடத்தில் நடந்த முதல் கச்சேரி அதுதான் என்பேன். மகாராணி வந்து ரிப்பன் வெட்டியது அதற்குப் பதின்மூன்று வருடம் கழித்து.

பணத்தின் கதை வேறு. தொடக்க மதிப்பீடு 35 லட்சம் பவுண்டு, டாலருக்கு மாறிய பிறகு சொன்னால் 70 லட்சம் டாலர். முடிந்தபோது 10 கோடியே 20 லட்சம் டாலர். இதில் பெரும்பகுதி வரிப்பணம் இல்லை, லாட்டரி! ஒபேரா ஹவுஸ் லாட்டரி என்றே நடத்தினார்கள். 1960இல் ஒரு லட்சம் பவுண்டு பரிசு விழுந்தவரின் பெயரும் முகவரியும் செய்தித்தாளில் வந்தன, அதைப் பார்த்து அவருடைய எட்டு வயது மகனைக் கடத்திக் கொன்றுவிட்டார்கள். அதற்குப் பிறகுதான் பரிசு பெற்றவர்கள் பெயரை மறைத்துக்கொள்ளலாம் என்று ஆனது. பையன் பக்கத்தில் இருந்ததால் இதை நான் அவனுக்கு மொழிபெயர்க்கவில்லை. அவனுக்கு மொழிபெயர்ப்பு தேவையில்லை என்பது பிறகுதான் உறைத்தது.

1965 தேர்தலில் ஆட்சி மாறியது. செலவு ஏறிக்கொண்டே போகிறது என்று பொதுப்பணித் துறையின் புதிய அமைச்சர் டேவிஸ் ஹியூஸ் கடிவாளத்தை இழுத்தார், உட்ஸனுக்குத் தர வேண்டிய பணத்தை நிறுத்தினார், உள் அரங்குகளுக்கு அவர் கேட்ட ஒட்டுப்பலகை மாதிரிகளுக்கு அனுமதி கொடுக்கவில்லை. 1966 பிப்ரவரி 28இல் உட்ஸன் விலகினார். ஆயிரம் பேர் தெருவில் ஊர்வலம் போனார்கள், ஒன்றும் நடக்கவில்லை. ஏப்ரலில் மனைவி மக்களோடு விமானம் ஏறியவர், 2008இல் சாகும்வரை திரும்பி வரவே இல்லை. தான் வரைந்த கட்டடத்தை முடிந்த கோலத்தில் நேரில் பார்க்காமலே போய்விட்டார்.

மீதியை முடித்தவர் பீட்டர் ஹால், அப்போது முப்பதுகளில் இருந்த உள்ளூர்க் கட்டடக்கலைஞர். உட்ஸனைக் கொண்டாடுகிறவர்கள் இவரைக் கரித்துக்கொட்டுவது வழக்கம், எனக்கு அது நியாயமாகப் படவில்லை. அவர் கைக்கு வந்தபோது உள்ளே என்ன வேண்டும் என்பதையே மாற்றிவிட்டார்கள். பெரிய அரங்கில் ஒபேராவும் கச்சேரியும் இரண்டும் நடக்கும் என்பது பழைய திட்டம், அதைக் கச்சேரிக்கு மட்டும் என்று ஆக்கி, ஏற்கெனவே பொருத்தியிருந்த மேடை இயந்திரங்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஒபேராவைச் சின்ன அரங்குக்குத் தள்ளினார்கள். பெயர் ஒபேரா ஹவுஸ், பெரிய அரங்கில் ஒபேரா இல்லை! இருந்தும் 2,600 பேருக்கு மேல் உட்காரும் அந்தக் கச்சேரி அரங்கை, பத்தாயிரத்துக்கும் மேல் குழல்கள் கொண்ட ஆர்கனோடு மரம் மரமாகப் பார்க்கும்போது, இக்கட்டில் மாட்டிய ஒரு மனிதர் செய்த வேலை என்று மரியாதைதான் வருகிறது. ஒலி சரியில்லை என்ற புகார் பல வருடம் இருந்தது, 2020இல் மூடிப் புதுப்பித்து 2022இல் திறந்தார்கள், மேலே செந்நிறப் பூவிதழ்கள் மாதிரி தொங்குபவை அப்போது வந்தவை.

மாலையில் தங்கை வேலை முடித்து வந்து பையனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். நான் மட்டும் ஒபேராவுக்கு. சின்ன அரங்கு, ஆஸ்திரேலிய ஒபேரா பாடகி ஜோன் சதர்லேண்ட் பெயர் வைத்தது, சுமார் 1,500 இருக்கை. எனக்குக் கிடைத்த மலிவான சீட்டு பக்கவாட்டில், மேடையில் முக்கால்தான் தெரியும் என்று சீட்டிலேயே போட்டிருந்தார்கள். கதாநாயகி அந்தக் காணாத கால் பாகத்திலேயே அழுதுகொண்டிருந்தாள். ஆனால் அந்த இடத்தில் இருந்து வாத்தியக் குழி நன்றாகத் தெரிந்தது, எவ்வளவு நெருக்கம்! கொஞ்சம் பேர் மேடைக்கு அடியிலேயே உட்கார்ந்து வாசிக்கிறார்கள். மேடைக்குப் பக்கத்தில் இடம் இல்லாததால் காட்சி அமைப்புகள் கீழே இருந்து லிஃப்டில் வருகின்றன. 1980களில் ஓர் ஒபேராவில் மேடையில் விட்டிருந்த நிஜக் கோழி நடந்து வந்து குழிக்குள் செல்லோ வாசிப்பவர் மேல் விழுந்து, அதற்குப் பிறகு வலை கட்டினார்கள் என்பது அங்கே பிரபலமான கதை.

உட்ஸன் உள்ளே வடிவமைத்த ஓர் அறை மட்டும் இருக்கிறது. 1999இல் ஒபேரா ஹவுஸ் நிர்வாகத்தோடு சமாதானமாகி, டென்மார்க்கில் இருந்தபடியே மகன் யான் மூலம் வேலை செய்தார், 2004இல் உட்ஸன் அறை திறந்தது. நீளமான சின்ன அறை, ஒரு பக்கம் துறைமுகம், மறுபக்கம் ஜெர்மன் இசையமைப்பாளர் சி.பி.இ. பாக்கின் இசையை நினைத்து அவர் வடிவமைத்த திரைச்சீலை. அன்று அங்கே ஏதோ தனி நிகழ்ச்சி, கதவு இடுக்கு வழியாகச் சீலையின் ஓரம் மட்டும் பார்த்தேன்.

ஒபேரா முடிந்து வெளியே வந்தால் தூறல். ஓடுகள் நனைந்து, விளக்கு வெளிச்சத்தில் அப்போதுதான் காலண்டர் மாதிரி வெள்ளையாக இருந்தன. பாரமட்டாவுக்குக் கடைசிப் படகு எப்போதோ போயிருந்தது. சர்குலர் கீ ரயில் நிலையத்துக்கு நடந்தேன், நிலையத்தின் தலைக்கு மேலே, துறைமுகத்தை மறைத்துக்கொண்டு ஒரு பறக்கும் சாலை போகிறது, ஊரில் பலருக்கும் பிடிக்காத கான்கிரீட் சாலை. பெயர்ப் பலகையைப் படித்தேன். காஹில் விரைவுச்சாலை.