சாண்ட்பாக்ஸ் செயலியிலிருந்து ஸ்கிரிப்டை ஓட்டுவது

மேக்கில் சாண்ட்பாக்ஸ் (செயலி எதைத் தொடலாம் என்று வரையறுக்கும் பாதுகாப்பு வேலி) போட்ட செயலி உங்கள் ஷெல் ஸ்கிரிப்டை (கட்டளைகள் எழுதிய கோப்பை) ஓட்ட மறுத்தால், பலர் உடனே கோப்பின் அனுமதிகளை மாற்றும் சிஎச்மாட் (chmod) கட்டளையில், எல்லோரும் படிக்கவும் ஓட்டவும் விடும் 755 என்ற எண்ணைக் கொடுக்கிறார்கள். பிழைச் செய்தியை முதலில் படியுங்கள். 'பெர்மிஷன் டினைட்' என்றால் பெரும்பாலும் கோப்பின் அனுமதி பிட்டுகள் (யார் படிக்கலாம், எழுதலாம், ஓட்டலாம் என்ற குறிகள்)தான் கோளாறு, சிஎச்மாட் உதவும். 'ஆபரேஷன் நாட் பெர்மிட்டட்' என்றால் தடுப்பது பெரும்பாலும் சாண்ட்பாக்ஸ். அங்கே எவரும் எழுதலாம் என்று திறந்துவிடும் 777 கொடுத்தும் பயனில்லை, பாதுகாப்புதான் போகும்.

செயலி நேரடியாகத் தொடங்கும் துணைச் செயல்முறை அதே சாண்ட்பாக்ஸையே சுமந்துகொண்டு பிறக்கிறது. ஸ்கிரிப்ட் ஓடினாலும் டாக்குமெண்ட்ஸ் கோப்புறையைத் தொட முடியாமல் நிற்பது அதனால்தான்.

இதற்கு ஆப்பிள் 2012இல், மேக் இயங்குதளத்தின் 10.8 பதிப்பில், ஒரு வழி வைத்தது. வீட்டுக் கோப்புறையின் லைப்ரரிக்குள் 'அப்ளிகேஷன் ஸ்கிரிப்ட்ஸ்', அதற்குள் செயலியின் பண்டில் அடையாளப் பெயரில் (ஒவ்வொரு செயலிக்கும் உள்ள தனிப் பெயரில்) ஒரு கோப்புறை. அதிலுள்ள ஸ்கிரிப்டைச் செயலி, ஆப்பிள் தரும் என்எஸ்யூசர்யூனிக்ஸ்டாஸ்க் (NSUserUnixTask) என்ற நிரல் வசதி வழியாக ஓட்டினால் அது சாண்ட்பாக்ஸுக்கு வெளியே ஓடும். செயலிக்கு அங்கே படிக்க மட்டுமே உரிமை. தானாக எழுத முடியாது. ஃபைண்டரைத் திறந்து பயனர்தான் கோப்பை வைக்க வேண்டும், அல்லது செயலி வைக்க அனுமதி தர வேண்டும். மிகச் சரியான ஏற்பாடு இது: வெளியே ஓடும் நிரலுக்குச் சம்மதம் தர வேண்டியவர் கணினியின் உரிமையாளர்தான்.

வைத்த பிறகு இயக்க அனுமதி பிட் இருக்கிறதா, முதல் வரியில் ஷெல்லின் பாதை இருக்கிறதா என்று பாருங்கள். ஹோம்ப்ரூ (மேக்கில் கட்டளைக் கருவிகளை நிறுவித் தரும் நிரல்) வழியாக நிறுவிய கருவிகளை முழுப் பாதையோடு எழுதுங்கள். கருவிகளை எங்கே தேடுவது என்று சொல்லும் டெர்மினலின் பாத் (PATH) அமைப்பு இங்கே வராது. செயலியே எழுதிய கோப்பாக இருந்தால் குவாரண்டைன் குறி (நம்பகமா என்று சோதிக்கச் சொல்லி மேக் கோப்பில் இடும் அடையாளம்) ஒட்டியிருக்கலாம். கோப்பில் ஒட்டிய இத்தகைய குறிகளைக் காட்டும் எக்ஸ்அட்டர் (xattr) கட்டளையால் அதையும் சரிபாருங்கள்.