கேரியரின் காலைப் பார்த்து வாங்குங்கள்

பெங்களூரு ஹெப்பால் மேம்பாலத்தில் இறங்கும்போது தலைக்கு மேல் "கடக்" என்று ஒரு சத்தம். பக்கக் கண்ணாடியில் பார்த்தால், ஏணியின் வால் ஒரு பக்கமாகச் சரிந்து ஆடிக்கொண்டே வருகிறது. இண்டிகேட்டர் போட்டு, மெதுவாக ஓரம் கட்டினேன். எனக்குப் பின்னால் வந்த பைக் அப்போதுதான் என்னைத் தாண்டிப் போனது. டேங்க் மேல் பள்ளிச் சீருடையில் ஒரு சின்னப் பெண். அவள் முகத்தை நான் இன்னும் மறக்கவில்லை.

இறங்கிப் பார்த்தேன். கயிறு அறுபடவில்லை, ஏணியும் நழுவவில்லை. ஏணியைத் தாங்க வண்டிக் கூரையில் மாட்டும் கேரியரே ஒரு மூலையில் கழன்றிருந்தது. கேரியரைக் கூரையோடு கவ்விப் பிடிக்கும் கால், அதாவது கிளாம்ப், வலது பின்பக்கத்தில் வாயைப் பிளந்து நின்றது. மெல்லிய தகடு, ஒரே ஒரு போல்ட், அதில் சாதாரண நட்டு. ஜே.சி. ரோட்டில் ஒரு கடையில் 2,400 ரூபாய்க்கு வாங்கியது. அன்று நான் பார்த்ததெல்லாம் மேலே இருந்த பளபளப்பை மட்டும்தான்.

நான் லிங்கராஜபுரத்தில் இருக்கும் எலக்ட்ரீஷியன். வண்டி பழைய மாருதி ஆம்னி வேன். அதன் உற்பத்தியே 2019-ல் நின்றுவிட்டதால், கேரியர் வேண்டுமென்றால் பழைய ஸ்டாக்கில் தேட வேண்டும், இல்லையென்றால் பட்டறையில் அடிக்க வேண்டும். ஆனால் இந்த வண்டியில் ஒரு வசதி உண்டு. கூரையின் இரண்டு ஓரத்திலும் மழைத் தண்ணீர் வழிய ஒரு ஓடை நீளமாக ஓடுகிறது. கிளாம்ப் அதைக் கவ்விக்கொள்ளும், கூரையில் துளை போட வேண்டியதில்லை. ஒரு கடையில் "நாலு ஓட்டை போட்டு போல்ட் அடிச்சா அசையவே அசையாதுண்ணா" என்றார்கள். வேண்டாம் என்று வந்துவிட்டேன். எவ்வளவு சீலன்ட் வைத்தாலும் ஒருநாள் தண்ணீர் இறங்கும், அப்புறம் துளையைச் சுற்றித் துரு ஏறும்.

இன்னொரு கடையில் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) கேரியர். கடைக்காரர் காந்தத்தை வைத்துக் காட்டி, "ஒட்டல பாருங்க, துருப் பிடிக்காது" என்றார். அதை நம்பாதீர்கள். எஸ்.எஸ்.-இல் 202, 304 என்ற இரண்டு ரகத்திலும் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. 202 விலை குறைவு, மழையில் நாளடைவில் புள்ளி புள்ளியாகத் துரு காட்டும். காந்தம் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லாது.

கடைசியில் சிவாஜி நகர் பக்கம் ஒரு வெல்டிங் பாயிடம் போனேன். பழைய கேரியரைக் கையில் வாங்கியவர், பைப்பின் வெட்டு முனையில் தகட்டின் கனம் அளக்கும் வெர்னியரை வைத்தார். 1.2 மில்லி. "பதினாறு கேஜ்னு சொல்லியிருப்பாங்களே தம்பி? இது பதினெட்டு." எனக்குச் சுருக்கென்றது. கேஜ் எண் ஏற ஏறத் தகடு மெலியும். பதினாறு என்றால் 1.6 மில்லி இருக்க வேண்டும்.

அவர் அடித்துக் கொடுத்தது ஒரு அங்குல சதுர பைப், பதினாறு கேஜ் இரும்பு. மூன்று குறுக்குக் கம்பி, ஆறு கால். காலில்தான் பாதி நேரம் செலவழித்தார். ஐந்து மில்லி தகடு, நான்கு அங்குல அகலம், ஒவ்வொன்றிலும் இரண்டு எட்டு எம்.எம். போல்ட். அகலம் எதற்கென்றால், ஒரே இடத்தில் அழுத்தினால் ஓடையின் உதடு மடங்கிவிடும். உள்ளே லாரி டியூப் ரப்பர். நட்டெல்லாம் நைலாக். அதன் வாயில் இருக்கும் நைலான் வளையம் மரையை இறுக்கிப் பிடிப்பதால் அதிர்வில் சுலபமாகக் கழலாது. பைப் முனைகளை மூடி வெல்டிங் வைத்து, துருப் பிடிக்காமல் இருக்க ரெட் ஆக்சைடு பூச்சு அடித்து, மேலே கறுப்பு எனாமல். எல்லாம் சேர்த்து 4,800 ரூபாய். எஸ்.எஸ். கேரியருக்குக் கேட்டது 7,500.

திருடு போகாமல் இருக்கவும் ஒரு வழி சொன்னார். எட்டு எம்.எம். போல்ட்டைக் கழற்ற 13 ஸ்பேனர் போதும், அது எல்லார் பையிலும் இருக்கும். அதனால் ஒவ்வொரு காலிலும் ஒரு போல்ட்டை ஆலன் சாவி (அறுகோணக் கம்பிச் சாவி) போடுகிற மாதிரி மாற்றினோம். ஏணிக்குத் தனியாகச் சங்கிலியும் பூட்டும். சங்கிலியைப் பழைய ஹோஸ் பைப்புக்குள் நுழைத்துவிட்டேன், சத்தமும் இல்லை, பெயின்ட்டும் கீறாது.

நைலான் கயிறை விட்டுவிட்டேன். நனைந்தால் நீண்டு தளர்ந்துபோகும், மே மாதச் சாயங்கால மழை போதும் அதற்கு. இப்போது பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பாலியெஸ்டர் ராட்செட் பெல்ட் இரண்டு. பெல்ட்டில் ஒரு முறுக்கு விட்டுக் கட்டினால் காற்றில் "ங்ங்" என்று அதிராது.

ஏணியையும் பத்தடிக்கு மாற்றினேன். ஆம்னியின் நீளமே பதினோரு அடிதான். பழைய பன்னிரண்டடி ஏணி பின்னால் நீட்டிக்கொண்டிருந்ததால், மேலே தூக்கும் டிக்கி கதவு அதில் போய் இடிக்கும். அதோடு, அனுமதித்த அளவுக்கு மேல் சுமை வெளியே நீட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ)-படி 20,000 ரூபாய் அபராதம். ஒயர் ஓட்டும் பத்தடி கண்டியூட் பைப் தாராளமாக அடங்குகிறது. இருபதடி ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப் என்றால் வாடகைக்கு ஒரு லக்கேஜ் வண்டி சொல்லிவிடுகிறேன். மேலே எவ்வளவு ஏற்றலாம் என்று கணக்குப் போடும்போது கேரியரின் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கூரைக்கு அதுவும் சுமைதான்.

மாட்டி முடித்ததும் பாய் இரண்டு கையாலும் கேரியரைப் பிடித்து வேகமாக ஆட்டினார். சஸ்பென்ஷனோடு மொத்த வண்டியும் ஆடியது. "கேரியர் மட்டும் ஆடுச்சுன்னா வாங்காதே. வண்டியும் கூட ஆடணும்" என்றார். முதல் ஐம்பது கிலோமீட்டர் ஓடியதும் வரச் சொல்லி, எல்லா நட்டையும் திரும்ப இறுக்கினார். இரண்டு நட்டு அரைச் சுற்று ஏறியது.

இப்போது காலையில் ஏணியை ஏற்றிக் கட்டியதும் நானும் அப்படித்தான் பிடித்து ஆட்டிப் பார்க்கிறேன். வண்டியும் சேர்ந்து ஆடிய பிறகே சாவி போடுகிறேன்.