மே மாசத்து நோட்டு

மே 3
நொண்டிக்கிட்டே கமிட்டி கூட்டத்துக்குப் போனேன். எங்க ஃபுட்பால் கிளப்புக்கு 40வது வருசம், நோட்டீஸ்ல என்ன தேதி போடுறதுன்னு ஒரு மணி நேரம் கத்துனாங்க. பெரியப்பா ஒரே பிடி: "மரடோனா உலகக் கோப்பை பைனல்ல கோல் அடிச்ச ராத்திரிதான்டா ஆரம்பிச்சோம்."

மே 4
பைனல்ல மரடோனா கோலே அடிக்கல.

மே 6
தூக்கம் வரல. பொரண்டு படுத்தா முட்டிக்குள்ள கடக்குங்குது, அன்னிக்கு கிரவுண்டுல கேட்ட அதே சத்தம், ஜவ்வா குருத்தெலும்பான்னு ஸ்கேன் பாத்தாத்தான் தெரியுமாம். சரின்னு போன எடுத்து கணக்கு பாத்தேன். 1986 ஜூன் 29 பைனல், அர்ஜென்டினா 3 மேற்கு ஜெர்மனி 2, கடைசி கோலு புருச்சாகா, மரடோனா பாஸ் குடுத்ததோட சரி. அவன் ரெண்டு ரெண்டா அடிச்சது 22ஆம் தேதி இங்கிலாந்து கூட, 25 பெல்ஜியம் கூட. அதுலயும் பைனல் மெக்சிகோல மத்தியானம் 12ன்னா நமக்கு ராத்திரி பதினொன்றரை, முடியறப்ப தேதியே மாறிரும். அப்ப 23ஆ, 26ஆ, 30ஆ? மணி மூணு.

மே 9
கச்சான் காத்து ஆரம்பிச்சிருச்சு. கிரவுண்டு முழுக்க மண்ணு பறக்குது. கோல் போஸ்ட்டு வலைய என் மடியில போட்டுட்டுப் போயிட்டானுங்க, கைதான் சும்மா இருக்காம்ல.

மே 12
விழாவ முன்னாடியே வச்சிரலாம்னு பசங்க சொல்றதும் நியாயம். ஜூன் 14ஓட மீன்பிடி தடைக்காலம் முடியுது, அப்பறம் போட்டெல்லாம் கடலுக்குப் போயிரும், நம்ம கோல்கீப்பரே போட் டிரைவரு, 30ஆம் தேதின்னா பதினோரு பேருக்கு எங்க போக? "பொறந்த நாள எவனாச்சும் முன்னாடியே கொண்டாடுவானா"ன்னு எந்திரிச்சுப் போயிட்டாரு பெரியப்பா. அவங்க காலத்துல 61 நாள் தடை ஏது.

மே 14
ஸ்கேன் நாளைக்கு.

மே 15
ராம்நாடு போயிட்டு வந்தேன். குழாய்க்குள்ள டமடமன்னு சத்தம், அசையக் கூடாதாம். பஸ்ல ஒக்காரவும் முடியல.

மே 16
பெரியப்பா பழச்சாறு வாங்கிட்டு வந்தாரு. எதுல பாத்தீங்கன்னு கேட்டேன். ஆன்டெனாவ இலங்கைப் பக்கமா திருப்பி ரூபவாஹினில பாத்தோம்னாரு, மாமா கூடவே வந்து "பொய், அது தூர்தர்ஷன்"னு ஆரம்பிச்சிட்டாரு. எந்த கோலுன்னேன். பெரியப்பா கட்டில்ல இருந்து எந்திரிச்சு நின்னே காமிச்சாரு, அறுபத்தெட்டு வயசுல, பாதிக் கோட்டுல இருந்து ஒவ்வொருத்தனா ஏமாத்தி, கடைசில கோல்கீப்பரையும் சுத்திக்கிட்டு.
அது இங்கிலாந்து மேட்ச்சு.
நான் வாயத் தொறக்கல. "நீ எப்படா எறங்குவ?"ன்னு கேட்டாரு, அதுக்கும் தான்.

மே 17
நோட்டீஸ் அடிச்சாச்சு, ஜூன் 6, 7. மேல 'தோற்றம் 1986', வருசம் மட்டும். ரிப்போர்ட்ட காட்ட டாக்டர்ட்ட நாளைக்குப் போகணும். வலையில இன்னும் நாலு முழம் கெடக்கு.